நாஜி ராணுவம் சூழ்ந்த நாட்டில், பொழுதுபோக்குப் பூங்காவுக்குள் ஓர் ஓவியக் கூடாரம்! - ‘நரகக் குதிரை’ ஓவியர்களின் கதை

1941-ம் ஆண்டு, மே மாதம். நீங்கள் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் ராணுவம் நாட்டுக்குள் நுழைந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, நகரத்துக்கு வடக்கே காட்டுக்குள் இருக்கிற ‘பாக்கன்’ பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகிறீர்கள். ராட்டினம், பீர் கடை, பாட்டுக் கொட்டகை... அதையெல்லாம் தாண்டி நடந்தால் ஒரு பெரிய கூடாரம். சர்க்கஸாக இருக்கும் என்று உள்ளே எட்டிப் பார்த்தால், முகமூடி மாதிரி முகங்கள், பறவையா மனுஷனா என்று புரியாத உருவங்கள், கண்ணைக் கூசவைக்கும் ஆரஞ்சும் பச்சையும்!

கண்காட்சியின் பெயரே ‘கூடாரத்தில் 13 கலைஞர்கள்’தான். இதே மாதிரி படங்களை அந்த நேரத்தில் ஜெர்மனியில் வரைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால்தான், இந்தக் கூடாரம் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

1937-ல் நாஜி அரசு ம்யூனிக் நகரத்தில் ‘சீரழிந்த கலை’ என்று ஒரு கண்காட்சி நடத்தியது. நவீன ஓவியங்களை அருங்காட்சியகங்களிலிருந்து பறித்து வந்து, சுவரில் கோணல் மாணலாக மாட்டி, பக்கத்திலேயே கேலி வாசகங்களை எழுதிவைத்தார்கள். பால் க்ளே, காண்டின்ஸ்கி, ஷகால் என்று இன்று உலகம் கொண்டாடும் பெயர்கள் எல்லாம் அங்கே அவமானப்படுத்தப்பட்டன. பிறகு அந்தக் கண்காட்சியை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பாரிஸுக்குப் போய்விட்டு 1939-ல் ஊர் திரும்பிக்கொண்டிருந்த கார்ல்-ஹென்னிங் பெடர்சன் என்ற டேனிஷ் இளைஞர், வழியில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் அதைப் பார்த்தார். வெறுக்கவைப்பதற்காக மாட்டியிருந்த படங்களில் ஷகாலின் ஓவியங்களைப் பார்த்து அவர் கிறங்கிப்போனார் என்பதுதான் வேடிக்கை. இரண்டு வருஷம் கழித்து பாக்கன் கூடாரத்தில் படம் மாட்டியவர்களில் அவரும் ஒருவர்.

அது என்ன நரகக் குதிரை?

இந்த ஓவியர்கள் ஒரு சிற்றிதழும் நடத்தினார்கள். பெயர், ‘ஹெல்ஹெஸ்டன்’. டேனிஷ் மொழியில் நரகக் குதிரை என்று அர்த்தம். டென்மார்க் கிராமங்களில் பாட்டிமார் சொல்லும் கதையில் வருகிற குதிரை இது. மூன்றே கால்கள். ராத்திரியில் இடுகாட்டில் நொண்டி நொண்டி நடக்கும். யார் கண்ணில் படுகிறதோ, அவர் வீட்டில் சாவு நிச்சயம்.

ஆக்கிரமிப்பு நடந்து சரியாக ஒரு வருஷம் ஆன 1941 ஏப்ரலில் முதல் இதழ் வெளிவந்தது. இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பழைய நார்டிக் புராணங்களை எல்லாம் ‘எங்கள் வீர ஆரிய மரபு’ என்று நாஜிகள் சொந்தம் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. டேனிஷ்காரர்களையும் ‘நீங்களும் எங்க ரத்தம்தான்’ என்று தோளில் கைபோடப் பார்த்தார்கள். அதே நார்டிக் மண்ணிலிருந்து இவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு வீரனையோ தேவனையோ அல்ல, ஒரு நொண்டிக் குதிரையை! அதையும் ஹென்றி ஹேரூப் சிரிப்பு வருகிற மாதிரி வரைந்தார். என்னைக் கேட்டால், அந்தப் பெயரைவிடப் பொருத்தமான அரசியல் கட்டுரையை அன்றைக்கு யாரும் எழுதியிருக்க முடியாது.

இதழை ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் கட்டடக்கலைஞர் ராபர்ட் டால்மன் ஓல்சன். ஆசிரியர் பொறுப்பு அவருடையது. இன்னொருவர் 27 வயது ஓவியர் அஸ்கர் யோர்கன்சன். பின்னாளில் பெயரை ‘அஸ்கர் யோர்ன்’ என்று சுருக்கிக்கொண்டு உலகப் புகழ்பெற்றவர் இவர்தான். அதற்கு முன்பே பாரிஸுக்குப் போய் ஃபெர்னான்ட் லெஜேயிடம் ஓவியம் படித்துவிட்டு வந்திருந்தார்.

நம்ம ஊர் சிற்றிதழ்களைப் படித்திருக்கிறீர்களா? கிட்டத்தட்ட அந்த ருசிதான். நாட்டுப்புறக் கலை பற்றி ஒரு கட்டுரை, குழந்தைகள் வரைந்த படங்கள் பற்றி ஒன்று, ஆதிகாலச் சிற்பங்கள் பற்றித் தொல்லியல் அறிஞர் பி.வி.க்ளோப் எழுதியது, நடுவில் சினிமா, கவிதை. கூடவே கலைஞர்கள் கையால் உருவாக்கிய அசல் லித்தோகிராப், லினோகட் அச்சுகளும் இதழோடு வந்தன. அதாவது, பத்திரிகை வாங்கினால் ஓர் அசல் கலைப்படைப்பும் வீட்டுக்கு வந்துவிடும்!

யோர்ன் 1941-ல் இதில் எழுதிய ‘அந்தரங்கமான அற்பங்கள்’ என்ற கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. வரவேற்பறையில் தங்கச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கும் காட்டு ஏரிப் படங்களைக் கலை விமர்சகர்கள் மட்டமாகப் பேசுவார்கள் இல்லையா? யோர்ன் நேர் எதிராகச் சொன்னார். சாதாரண மனிதர்கள் ஆசையாக மாட்டிவைக்கிற அந்தப் படங்களில்தான் கலையின் உயிர் இருக்கிறது, நல்ல ரசனை என்ற பெயரில் அதை மிரட்டாதீர்கள் என்று வாதாடினார். இதைப் படித்தால், கண்காட்சிக்கு ஏன் பாக்கன் பூங்காவைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது தானாகப் புரியும். கேலரிக்குள் காலெடுத்து வைக்காத ஜனங்கள் கூடுகிற இடம் அது. 1583-லிருந்து அங்கே மக்கள் கூடுகிறார்கள் என்பது பாக்கனின் பெருமை.

கூடாரத்துக்குள் யார் யார்?

எகில் யாகப்சனிடமிருந்து ஆரம்பிக்கலாம். 1938-ல் செக்கோஸ்லோவாகியாவை ஹிட்லர் துண்டாடிய நேரத்தில் இவர் ‘குவியல்’ என்று ஒரு படம் வரைந்தார். பெயின்ட் வழிந்து ஓடும், பயமுறுத்துகிற ஒரு பிரம்மாண்ட முகமூடி. முன்கூட்டியே திட்டம் போடாமல், கை போகிற போக்கில் வரையும் டேனிஷ் பாணிக்கு அந்தப் படம்தான் தொடக்கம் என்பார்கள். அதன் பிறகு முகமூடி அந்தக் குழுவின் பொதுச்சொத்து ஆகிவிட்டது.

ஹேரூப் தனி ரகம். தெருவில் தூக்கிப்போட்ட சாமான்களைப் பொறுக்கி வந்து சிற்பம் செய்வார். ‘குப்பைச் சிற்பம்’ என்றே அதற்குப் பெயர்.

எல்ஸ அல்ஃபெல்ட் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். பெடர்சனின் மனைவி என்று ஒற்றை வரியில் கடந்துபோகிறவர்கள் அதிகம். உண்மையில் பெடர்சனை வரைய இழுத்துவந்ததே இவர்தான். கணவர் தேவதைக் கதைப் பறவைகளாக வரைந்துகொண்டிருக்க, இவர் மலைச் சிகரங்களையும் சுருள்களையும் கூர்மையான நிறத் துண்டுகளாக வரைந்தார். டென்மார்க்கின் மிக உயரமான இடமே சுமார் 170 மீட்டர்தான் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்!

இவர்களைத் தவிர எய்லர் பில்லே, ரிச்சர்ட் மோர்டென்சன் போன்றவர்களும் இருந்தார்கள். போர் முழுக்க டென்மார்க்கிலேயே மாட்டிக்கொண்ட ஐஸ்லாந்து ஓவியர் ஸ்வாவர் குட்னசனும் இந்தக் குழுவோடு சேர்ந்து இயங்கினார்.

எப்படி விட்டுவைத்தார்கள்?

நியாயமான கேள்வி. 1940 ஏப்ரல் 9-ல் ஜெர்மன் படை நுழைந்தபோது, டென்மார்க் அரசு சில மணி நேரத்திலேயே பணிந்துவிட்டது. அதற்குப் பதிலாக அரசர், நாடாளுமன்றம், நீதிமன்றம் எல்லாம் இயங்க அனுமதித்தார்கள். ‘பாருங்க, எங்க ஆட்சியில் எவ்வளவு அமைதி’ என்று உலகத்துக்குக் காட்ட ஜெர்மனிக்கு ஒரு ஷோகேஸ் தேவைப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை உண்டு. ஆனால், போலந்தில் நடந்தது போல ஓவியர்களின் கழுத்தில் கைவைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் கூடாரம் முளைத்தது.

எனவே, இவர்களை உயிரைப் பணயம் வைத்த போராளிகள் என்று எழுதினால் அது மிகை. ஹெல்ஹெஸ்டனில் ஹிட்லரை நேரடியாகத் திட்டும் கட்டுரையைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அதே நேரம், ‘சும்மா படம்தானே வரைஞ்சாங்க’ என்று ஒதுக்குவதும் தப்பு. பக்கத்து நாட்டில் குற்றம் என்று அறிவிக்கப்பட்ட ஒன்றை, அந்த நாட்டு ராணுவம் ரோந்து சுற்றும் ஊரில், டிக்கெட் வாங்கி ராட்டினம் ஏற வந்த ஜனங்களுக்கு நடுவே செய்துகாட்டினார்கள். நாளைக்கு நிலைமை எப்படி மாறும் என்று யாருக்கும் தெரியாது.

மாறவும் செய்தது. வேலைநிறுத்தங்களும் நாசவேலைகளும் பெருகியதும், 1943 ஆகஸ்ட் 29-ல் ஜெர்மானியர்கள் அவசரநிலையை அறிவித்தார்கள். டேனிஷ் அரசு பதவி விலகியது. அக்டோபரில் யூதர்களைப் பிடிக்க வந்தபோது, 7,000-க்கும் மேற்பட்டவர்களைப் படகுகளில் ஸ்வீடனுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள் டேனிஷ் மக்கள். இவ்வளவுக்கும் நடுவே ஹெல்ஹெஸ்டன் 1944 நவம்பர் வரை வந்துகொண்டிருந்தது. கம்யூனிஸ்டான யோர்ன், தடைசெய்யப்பட்ட ‘லாண்ட் ஓ ஃபோல்க்’ பத்திரிகையை அச்சிடவும் ரகசியமாக உதவினார். அதே 1944-ல் இந்த வட்டத்தின் ஓவியர்கள் கோபன்ஹேகனில் யோர்டோகேட் தெருவில் இருந்த மழலையர் பள்ளிச் சுவர்களில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். பத்திரிகையில் குழந்தைகளின் ஓவியத்தைப் புகழ்ந்தவர்கள், குழந்தைகளிடமே போய்விட்டார்கள்!

போர் முடிந்த பிறகு நடந்தது கலை உலகில் பலருக்கும் தெரியும். 1948 நவம்பர் 8-ல் பாரிஸின் ஒரு கஃபேயில் யோர்னும், பெல்ஜியம், நெதர்லாந்து நண்பர்களும் கையெழுத்துப் போட்டுத் தொடங்கிய குழுதான் ‘கோப்ரா’. பாம்பு இல்லை, கோபன்ஹேகன், ப்ரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் ஆகிய ஊர்களின் முதல் எழுத்துகள். மூன்றே வருஷத்தில் கலைந்தாலும், போருக்குப் பிந்தைய ஐரோப்பிய ஓவியத்தை உலுக்கிவிட்டுப் போனது. அந்த முகமூடிகள், குழந்தைத்தனமான கோடுகள், கூட்டாகச் சுவரில் வரைவது எல்லாமே பாக்கன் கூடாரத்துக் காலத்துச் சரக்குதான். ஆனால், கோப்ரா வரலாற்றை எழுதும்போது டேனிஷ் பகுதியை முன்னுரையில் நாலு வரியோடு முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தம்தான்.

யோர்ன் கடைசிவரை அப்படியேதான் இருந்தார். 1964-ல் அமெரிக்காவின் குகன்ஹைம் விருது அறிவிக்கப்பட்டபோது, ‘உங்க பணத்தோட நரகத்துக்குப் போங்க’ என்ற ரீதியில் தந்தி அடித்து மறுத்துவிட்டார்!

படங்களை நேரில் பார்க்க ஆசையா? யாகப்சனின் ‘குவியல்’ கோபன்ஹேகன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. யோர்னுக்கு சில்கபோர்க் நகரத்திலும், பெடர்சன் - அல்ஃபெல்ட் தம்பதிக்கு ஹெர்னிங் நகரத்திலும், ஹேரூப்புக்குக் கோபன்ஹேகனை ஒட்டிய ரோடோவ்ரவிலும் தனித்தனி அருங்காட்சியகங்கள் உண்டு. பாக்கன் பூங்காவுக்குப் போக, நகரத்திலிருந்து ரயில் ஏறி கிளாம்பன்போர்க் நிலையத்தில் இறங்கி, காட்டுப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். ராட்டினத்துக்குத்தான் காசு, உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது.