இணையதளப் பகுப்பாய்வு

ஓர் இணையதளத்துக்கு வருவோர் எங்கிருந்து வருகிறார்கள், எதைத் திறக்கிறார்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், எந்த இடத்தில் விலகிப் போகிறார்கள் என்பதைத் தரவுகளாகத் திரட்டி, அவற்றைக் கொண்டு தளத்தைச் செப்பனிடும் துறை இணையதளப் பகுப்பாய்வு. வணிக நிறுவனங்கள், செய்தித்தாள்கள், அரசு அலுவலகங்கள், தேர்தல் பிரசாரக் குழுக்கள் எனப் பலரும் இதைக் கையாள்கிறார்கள். இதன் முப்பது ஆண்டு வரலாறு முழுவதும் ஒரே சிக்கலைச் சுற்றி வந்திருக்கிறது. கருவிகள் எண்ணுவது கணினிகள் அனுப்பும் கோரிக்கைகளை. தளத்தை நடத்துபவர் அறிய விரும்புவதோ மனிதர்களை.

லாக் கோப்புகள்

ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வுக்கூடமும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்.சி.எஸ்.ஏ. மையமும் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட சர்வர் மென்பொருள்கள், தம்மிடம் வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு கோப்பில் வரிவரியாக எழுதி வைத்தன. கேட்ட கணினியின் முகவரி, நாள், நேரம், கேட்கப்பட்ட கோப்பு, பதிலின் எண், அனுப்பிய பைட்டுகளின் அளவு ஆகியவை ஒரு வரியில் இருக்கும். பதில் எண் 200 என்றால் கேட்டது கிடைத்தது, 404 என்றால் அப்படியொரு பக்கமே இல்லை. எந்தத் தளத்தின் இணைப்பைப் பிடித்து வந்தார், எந்த பிரவுசரில் வந்தார் என்ற விவரங்கள் பின்னர் இதே வரியில் சேர்ந்தன.

பக்க முகவரிகளைத் தமிழிலேயே வைத்திருக்கும் தளங்களின் லாக் கோப்பைப் படிப்பது தனிப் பாடு. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் வேண்டும். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்த்து 3 எழுத்துகளாக எழுதப்படும். 'தமிழ்' என்ற சொல் 5 குறியீடுகளால் ஆனது என்பதால் லாக் கோப்பில் அது 45 எழுத்துகளாக நீண்டு கிடக்கும். இதைத் திரும்பத் தமிழாக மாற்றித் தராத கருவியில், எந்தக் கட்டுரையைப் படித்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது.

கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் டர்னர் 1995இல் வெளியிட்ட 'அனலாக்', ஓரிகனில் தொடங்கப்பட்ட 'வெப்டிரெண்ட்ஸ்' போன்ற மென்பொருள்கள் இக்கோப்புகளை அட்டவணைகளாகச் சுருக்கித் தந்தன. அன்று எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொண்ட கணக்கு 'ஹிட்'. ஒரு பக்கத்தில் 20 படங்கள் இருந்தால் ஒருவர் ஒருமுறை திறந்ததற்கு 21 ஹிட் விழும். படத்தைக் கூட்டினால் புகழும் கூடும் என்ற அந்த அளவீடு யாருக்கும் எதையும் உணர்த்தவில்லை. பக்கப் பார்வை என்ற கணக்குக்கு மாறிய பிறகும் தொல்லை தீரவில்லை. ஏ.ஓ.எல். போன்ற நிறுவனங்களின் இணைப்பில் வந்த ஏராளமானோர் ஒருசில முகவரிகளின் வழியே வந்தார்கள். ஒருமுறை எடுத்த பக்கத்தை அந்த நிறுவனங்களின் இடைநிலை சர்வர்களே சேமித்து வைத்துப் பலருக்கும் காட்டின. அவ்வாறு பார்த்தவர்கள் தளத்தின் கணக்கில் ஏறவே இல்லை.

குக்கீயும் பக்கக் குறிச்சொல்லும்

சர்வருக்கு நினைவாற்றல் கிடையாது. ஒரு நிமிடம் முன்பு வந்தவரே மறுபடி வந்தாலும் அதற்குப் புதியவர்தான். நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொண்டுல்லி 1994இல் இதற்கு ஒரு தீர்வு கண்டார். சர்வர் தரும் சிறு குறிப்பை பிரவுசர் வைத்துக்கொண்டு அடுத்த முறை திருப்பிக் காட்டும் ஏற்பாடு அது. குக்கீ எனப் பெயர் பெற்ற இது, தளத்துக்கு வருபவர் ஏற்கெனவே வந்தவரா என்று பார்க்க நெட்ஸ்கேப்பின் சொந்தத் தளத்திலேயே முதலில் பயன்பட்டது. பயனர்களுக்கு இது தெரியாது. 1996இல் பைனான்சியல் டைம்ஸ் எழுதிய பிறகே பொதுமக்களிடம் பேச்சு எழுந்தது. 1997இல் வெளிவந்த குக்கீ தரநிலை, நாம் பார்க்கும் தளத்தைத் தவிர வேறு தளங்கள் குக்கீ வைப்பதை இயல்பிலேயே அனுமதிக்கக் கூடாது என்றது. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் அதைப் பின்பற்றவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து வெடித்த தனியுரிமைப் பிணக்குகள் பலவற்றின் வேர் இந்த அலட்சியத்தில் இருக்கிறது.

அடுத்த மாற்றம் எண்ணும் வேலையே சர்வரிலிருந்து பிரவுசருக்கு இடம்பெயர்ந்தது. பக்கத்தில் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சேர்த்துவிட்டால், பக்கம் திறக்கும்போதெல்லாம் அது கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படத்தைக் கேட்பதுபோல் பகுப்பாய்வு நிறுவனத்துக்குச் செய்தி அனுப்பும். இடையில் சேமிக்கப்பட்ட பக்கத்தைப் பார்த்தவரும் இதனால் கணக்கில் வந்தார். நிரலை இயக்காத தேடுபொறி ரோபோக்கள் கழிந்தன. கூடவே, வாசகரைப் பற்றிய தகவல் தளத்துக்காரரின் கையைவிட்டு மூன்றாமவரிடம் போய்ச் சேர்ந்தது. இம்முறையில் வளர்ந்த யூட்டா மாநிலத்து ஆம்னிச்சரை 2009இல் அடோபி 180 கோடி டாலருக்கு வாங்கியது.

சான் டியேகோவில் 'அர்ச்சின்' என்ற பகுப்பாய்வு மென்பொருளை நடத்திவந்த நிறுவனத்தை கூகுள் 2005இல் வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் இலவசமாகத் திறந்துவிட்டது. கூட்டம் தாங்காமல் சில நாட்களிலேயே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்த நேர்ந்தது. 2006 ஆகஸ்டில்தான் எல்லோருக்கும் கதவு திறந்தது. விளம்பர இணைப்புகளின் வாலில் இன்றும் தொங்கும் 'யூடிஎம்' என்ற மூன்றெழுத்தின் முதலெழுத்து அந்த அர்ச்சினைக் குறிக்கிறது. பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்துப் பெற்ற வசதி சிற்றூர்க் கடைக்காரருக்கும் கிடைத்தது பெரும் நன்மை. இணையத்தின் நடமாட்டத்தில் பெரும்பங்கு ஒரே நிறுவனத்தின் பார்வைக்குள் வந்தது அதற்குக் கொடுத்த விலை.

அந்நாளைய அறிக்கைகளில் அதிகம் தவறாகப் படிக்கப்பட்ட எண் 'பவுன்ஸ் ரேட்'. ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டு வெளியேறியவர்களின் விழுக்காடு அது. பக்கத்தைப் பார்த்ததும் எரிச்சலுற்று ஓடியவரும், பத்து நிமிடம் கட்டுரையைக் கடைசி வரி வரை படித்து மனநிறைவோடு போனவரும் இதில் ஒன்றே. 2020இல் வந்து, 2023 ஜூலையில் பழைய பதிப்பின் இடத்தைப் பிடித்த கூகுள் அனலிட்டிக்ஸ் 4, பத்து நொடிக்கு மேல் பக்கத்தில் இருந்தவரை ஈடுபட்டவராக எண்ணி இந்தக் குறையை ஓரளவு போக்கியது.

சோதித்துத் திருத்துதல்

இரு வடிவங்களை வெவ்வேறு பார்வையாளர்களுக்குக் காட்டி எது பலன் தருகிறது என்று ஒப்பிடுவது ஏ/பி சோதனை. பராக் ஒபாமாவின் முதல் அதிபர் தேர்தல் பிரசாரத்தில் டான் சிரோக்கர் நடத்திய சோதனை இதன் முன்மாதிரியாகச் சொல்லப்படுகிறது. முகப்புப் பக்கத்துக்கு 4 பொத்தான்களும் படம், வீடியோ என 6 காட்சிகளும் எடுத்து 24 சேர்க்கைகளைச் சோதித்தார்கள். குழுவினர் வீடியோவே வெல்லும் என்று நம்பினார்கள். ஆனால் வீடியோக்கள் எல்லாமே படங்களிடம் தோற்றன. குடும்பப் படமும் 'மேலும் அறிய' என்ற பொத்தானும் சேர்ந்த பக்கத்தில், மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்தவர்கள் 8.26 விழுக்காட்டிலிருந்து 11.6 ஆக உயர்ந்தார்கள். சிரோக்கர் பின்னர் ஆப்டிமைஸ்லி நிறுவனத்தை இணைந்து தொடங்கினார். சென்னையில் வேர்கொண்ட ஸோஹோவின் 'பேஜ்சென்ஸ்' இவ்வகைச் சோதனைக்கான கருவியே.

வேகம்

பக்கம் திறக்க ஆகும் நேரத்தில் 80 முதல் 90 விழுக்காடு பிரவுசர் தரப்பில்தான் செலவாகிறது என்று ஸ்டீவ் சவுடர்ஸ் 2007இல் எழுதிய நூல், சர்வரை மட்டுமே குறைசொல்லிக்கொண்டிருந்த பொறியாளர்களின் கண்களைத் திருப்பியது. இதை ஒட்டி நடந்தவற்றுள் விரிவாகச் சொல்லத் தகுந்தது யூடியூபின் 'ஃபெதர்' முயற்சி.

அப்போது யூடியூபின் வீடியோ பக்கம் 1.2 மெகாபைட் கனத்தில் இருந்தது. பொறியாளர் கிறிஸ் சக்கரையாஸ் அதை 98 கிலோபைட்டுக்குக் குறைத்தார். ஒரு பகுதிப் பார்வையாளர்களுக்கு மட்டும் அதைத் திறந்துவிட்டு ஒரு வாரம் கழித்து எண்களைப் பார்த்தால், சராசரிக் காத்திருப்பு நேரம் குறைவதற்குப் பதில் கூடியிருந்தது. பக்கம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியும் எப்படி மெதுவாகும்? தரவை நிலப்பகுதி வாரியாகப் பிரித்தபோது விடை கிடைத்தது. தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, சைபீரியா போன்ற இடங்களிலிருந்து வருவோர் பெருமளவு கூடியிருந்தார்கள். பழைய பக்கம் அவர்களுக்குத் திறக்க 20 நிமிடம் ஆகும் என்பதால் யூடியூபையே நாடாதவர்கள் அவர்கள். புதிய பக்கம் 2 நிமிடத்தில் திறந்ததும் வரத் தொடங்கினார்கள். அந்த 2 நிமிடங்கள்தான் சராசரியைத் தூக்கின. வர முடியாமல் போனவர் எந்த அறிக்கையிலும் இல்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சி இத்துறையில் வேறில்லை.

கூகுள் 2010இல் தேடல் வரிசைக்கு வேகத்தையும் ஓர் அளவுகோலாக்கியது. 2020இல் மூன்று அளவுகளை அறிவித்தது. பக்கத்தின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் பக்கம் தாமதிக்காமல் பதில் தர வேண்டும், படிக்கும்போது எழுத்துகள் இடம் மாறக் கூடாது. பார்வைகளில் நான்கில் மூன்று பங்கு இந்த எல்லைக்குள் அடங்கினால்தான் தேர்ச்சி என வைத்ததால், சராசரியைக் காட்டித் தப்பிக்க வழியில்லை.

ஒப்புதல்

2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், முன்கூட்டியே குறியிடப்பட்ட பெட்டி ஒப்புதல் ஆகாது என்ற 2019ஆம் ஆண்டு ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பும் குக்கீ அனுமதிப் பட்டைகளை உலகெங்கும் பரப்பின. 2022இல் ஆஸ்திரியாவும் பிரான்ஸும், தகவல் அமெரிக்காவுக்குப் போவதைக் காரணம் காட்டி, கூகுள் அனலிட்டிக்ஸைப் பயன்படுத்திய தளங்கள் சட்டத்தை மீறியதாக அறிவித்தன. தரவைத் தம் சர்வரிலேயே வைத்துக்கொள்ள விரும்புவோர் 'மட்டோமோ' போன்ற திறமூல மென்பொருள்களை நாடினார்கள். இந்தியா எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2023இல் இயற்றியது.

மறுப்புத் தெரிவித்தவர் முழுமையாகக் கணக்கில் வருவதில்லை. ஒப்புக்கொண்டவர்களின் நடத்தையை வைத்து அந்த இடைவெளியை மதிப்பீட்டால் நிரப்பும் வசதி கூகுள் அனலிட்டிக்ஸ் 4இல் இருக்கிறது. அது இயங்கும் தளங்களின் அறிக்கையில் எண்ணப்பட்டவரும் ஊகிக்கப்பட்டவரும் ஒரே கூட்டுத்தொகையில் கலந்திருப்பார்கள். எண்ணப்பட்டவர்களை மட்டும் பார்க்க வேண்டுமானால் தளத்துக்காரர் அமைப்புகளுக்குள் போய் அதைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.