இரண்டு ஏன் ஒன்றுக்கு முன் வருகிறது?

ஒளிச்சேர்க்கையின் ஒளிவினையைக் கற்கும் மாணவர் ஒரு முரணைக் கடந்தே செல்ல வேண்டியுள்ளது. நீரிலிருந்து பிரியும் எலக்ட்ரான் முதலில் சேர்வது இரண்டாம் ஒளியமைப்பில். பிளாஸ்டோகுயினோன், சைட்டோகுரோம், பிளாஸ்டோசயனின் ஆகியவற்றைக் கடந்த பின்னரே அது முதலாம் ஒளியமைப்பை அடைகிறது. இவ்வெண்கள் பாதையின் வரிசையைக் குறிப்பவை அல்ல. பாதை முழுமையாகப் புலப்படும் முன் இடப்பட்ட பெயர்கள்.

1937இல் கேம்பிரிட்ஜில் ராபர்ட் ஹில், செல்லிலிருந்து பிரித்தெடுத்த பசுங்கணிகங்கள் கார்பன் டைஆக்ஸைடு இன்றியே, தகுந்த எலக்ட்ரான் ஏற்பி இருப்பின், ஒளியில் ஆக்ஸிஜனை வெளியிடுவதைக் காட்டினார். சர்க்கரை உருவாக்கத்திலிருந்து ஒளிவினையைத் தனியே பிரித்து ஆராயலாம் என்பது இதனால் உறுதியாயிற்று.

1943இல் ராபர்ட் எமர்சனும் சார்ல்டன் லூயிஸும் குளோரெல்லா பாசியில் ஒரு புதிரைக் கண்டனர். 680 நானோமீட்டருக்கு அப்பாற்பட்ட சிவப்பொளியைப் பச்சையம் உட்கவர்ந்தபோதும், ஒளிச்சேர்க்கையின் திறன் சரிந்தது. 1957இல் எமர்சன் குழுவினர் அவ்வொளியுடன் குறைந்த அலைநீள ஒளியையும் சேர்த்துச் செலுத்தினர். கிடைத்த விளைவு, இரண்டையும் தனித்தனியே செலுத்திப் பெற்றவற்றின் கூட்டுத்தொகையை விஞ்சியது. ஒன்றுக்கொன்று துணைபுரியும் இரு ஒளிவினைகள் உண்டு என்பதற்கு இது வலுவான சான்று. அதன் முழு விளக்கத்தைக் காணாமலேயே, 1959இல் விமான விபத்தொன்றில் எமர்சன் மறைந்தார். துணை நிறமிகளின் பணியென அவர் கருதியதில் பச்சையம் ஏ-யின் ஒரு வடிவமும் பங்கேற்கிறது என்பதை, அலகாபாத்தில் பிறந்த கோவிந்தஜீ, யூஜின் ரபினோவிச்சுடன் இணைந்து 1960இல் நிறுவினார்.

அதே ஆண்டு ஹில்லும் ஃபே பெண்டாலும் வேறொரு திசையிலிருந்து அதே முடிவை நெருங்கினர். பசுங்கணிகத்தின் இரு சைட்டோகுரோம்களுக்கு இடையே ஏறத்தாழ 0.4 வோல்ட் மின்னழுத்த வேறுபாடு இருந்தது. ஆகவே எலக்ட்ரானை ஒளி இருமுறை மேலேற்றுகிறது. இடையில் அது தானாகவே கீழிறங்குகிறது என அவர்கள் முன்மொழிந்தனர். இதுவே 'இசட்' வரைபடத்தின் தொடக்கம்.

1961இல் நெதர்லாந்தின் டைசன்ஸ் குழுவினர் செம்பாசியொன்றில் நேரடிச் சான்றை அளித்தனர். சிவப்பொளி சைட்டோகுரோமிலிருந்து எலக்ட்ரானைப் பறித்தது. பச்சையொளி அதனை மீண்டும் அளித்தது. ஒன்று, இரண்டு என்னும் பெயர்களும் அவர்கள் இட்டவையே.

பாடநூலில் ஒரே கோடாக வரையப்படும் இப்பாதை, பாசியின் விளைதிறன், சைட்டோகுரோமின் மின்னழுத்தம், அதன் நிறமாலை எனத் தனித்தனியே தொடங்கிய ஆய்வுகள் ஒரு புள்ளியில் கூடியதால் உருவானது. பொருந்தாத அளவீட்டைப் பிழையென ஒதுக்காமல், 14 ஆண்டுகளுக்குப் பின்னும் எமர்சன் அதனிடம் திரும்பியிராவிடில், அக்கூடல் மேலும் தாமதமாகியிருக்கக்கூடும்.