பூனையின் உணவும் சிறுநீர் நலமும்

வீட்டுப் பூனைக்கு வரும் சிறுநீர்க் கோளாறுகளில் உணவுக்குப் பெரும் பங்கு உண்டு. சிறுநீர்ப்பையில் கல் உருவாவது, உருவான கல் கரைவது, காரணம் புலப்படாத சிறுநீர்ப்பை அழற்சி திரும்பத் திரும்ப வருவது, கடுவன் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வது ஆகிய எல்லாமே பூனை எதைத் தின்கிறது என்பதோடு தொடர்புடையவை. உணவில் உள்ள தாதுக்களைவிட அதில் உள்ள தண்ணீரே முக்கியம். கால்நடை மருத்துவம் இந்த இடத்துக்கு நேர்வழியில் வந்து சேரவில்லை.

உடல்வாகும் தண்ணீரும்

வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. எலியும் சிறு பறவைகளும் அதன் இரை. எலியின் உடலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர் என்பதால், இரையைத் தின்றாலே தாகத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மிச்சத்தைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது. தண்ணீரை உடலுக்கே மீட்டுக்கொண்டு கழிவை மிகச் செறிவான சிறுநீராக வெளியேற்றுகிறது. நலமுள்ள பூனையின் சிறுநீர் ஒப்படர்த்தி 1.035-க்கு மேல் இருப்பது இயல்பு, 1.060-ஐத் தாண்டுவதும் உண்டு. இந்த உடல்வாகுக்கு ஏற்றபடி தாக உணர்வும் மந்தமாகவே இருக்கிறது.

உலர் தீவனம் வந்தபோது இந்தக் கணக்கு பிசகியது. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும். உலர் தீவனத்தில் ஈரம் 6 முதல் 10 விழுக்காடுதான். 60 கிராம் தின்றால் அதிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி. டின்னிலோ பவுச்சிலோ வரும் ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் நீர். 250 கிராம் தின்றால் நாள் தேவை அநேகமாக அதிலேயே முடிந்துவிடும். உலர் தீவனம் தின்னும் பூனை கிண்ணத்திலிருந்து கூடுதலாகக் குடிப்பது உண்மைதான். ஆனாலும் அது பற்றாக்குறையை முழுதாக ஈடுகட்டுவதில்லை. சிறுநீர் கெட்டிப்படுகிறது, பூனை சிறுநீர் கழிக்கும் தடவைகளும் குறைகின்றன. கரைந்திருந்த உப்புகள் படிகமாக வேண்டிய நேரம் இப்படித்தான் கிடைக்கிறது.

ஸ்ட்ருவைட் கல்

மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்து படிவது ஸ்ட்ருவைட். சிறுநீரின் பி.எச். அளவு 6.5-க்கு மேல் போகும்போது இது எளிதில் உருவாகிறது. நாய்களில் இந்தக் கல் பெரும்பாலும் கிருமித்தொற்றால் வருவது. பூனைகளிலோ பெரும்பாலும் தொற்றே இல்லாமல் உருவாகிறது. அதனால்தான் பூனையைப் பொறுத்தவரை உணவே மருந்தாகவும் அமைகிறது.

இறைச்சியில் உள்ள கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் செரித்தபின் சிறுநீரை அமிலத்தன்மைக்குக் கொண்டுவருகின்றன. தானியம் மிகுந்த உணவு அதைக் காரப்பக்கம் இழுக்கிறது. தமிழ் வீடுகளில் பூனைக்கு வைக்கும் பால்சோறு, மீன்குழம்புச் சோறு ஆகியவற்றையும் இந்தக் கண்கொண்டு பார்க்கலாம். வடித்த சோற்றில் ஈரம் நிறைய இருப்பதால், அந்த ஒரு வகையில் அது உலர் தீவனத்தைவிட மேல். ஆனால் புரதம் போதாது, பூனைக்கு இன்றியமையாத டாரின் அரிசியில் கிடையாது. குழம்பில் உள்ள வெங்காயம் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சிறுநீரையே சிவப்பாக்கக்கூடும். பார்ப்பவர் அதைச் சிறுநீர்ப்பை ரத்தக்கசிவு என்று நினைத்துவிடுவார். குழம்பில் போடுமுன் தனியாக எடுத்து வேகவைத்த மீனில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் மீனையே முழு உணவாகவும் கொள்ள முடியாது.

சாம்பலில் தொடங்கிய தேடல்

பூனைகளுக்குக் கல் வருவதற்குத் தீவனத்தில் உள்ள சாம்பல், அதாவது மொத்தத் தாதுச்சத்து, காரணம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பிறகு பழி மக்னீசியத்தின்மேல் விழுந்தது. மக்னீசியம் ஆக்சைடு சேர்த்த உணவு கொடுத்த சோதனைகளில் பூனைகளுக்குக் கல் உண்டானது. ஆனால் மக்னீசியம் ஆக்சைடு சிறுநீரைக் காரமாக்கும் பொருள். 1980-களில் மக்னீசியம் குளோரைடைக் கொண்டு சோதித்தபோது சிறுநீர் அமிலமாகவே இருந்தது, ஸ்ட்ருவைட்டும் உருவாகவில்லை. குற்றவாளி மக்னீசியம் மட்டுமல்ல, சிறுநீரின் காரத்தன்மை என்பது அப்போது தெளிவானது.

தீவன நிறுவனங்கள் மக்னீசியத்தையும் குறைத்தன, அமிலமாக்கும் பொருள்களையும் சேர்த்தன. ஸ்ட்ருவைட் குறைந்தது, அதன் இடத்துக்குக் கால்சியம் ஆக்சலேட் வந்தது. கார்ல் ஆஸ்போர்ன் 1981-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கல் ஆய்வு மையத்தின் கணக்கில் இந்த மாற்றம் பதிவாகியிருக்கிறது. அந்த ஆண்டு வந்த பூனைக் கற்களில் 78 விழுக்காடு ஸ்ட்ருவைட், கால்சியம் ஆக்சலேட் 2 விழுக்காடு. இருபது ஆண்டுகளுக்குள் ஆக்சலேட் பாதிக்கு மேல் போய்விட்டது. உடலில் அமிலத்தன்மை நீடித்தால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரில் சேர்கிறது. ஆக்சலேட் படிகத்தைத் தடுக்கும் மக்னீசியமோ குறைந்துவிட்டது. அமிலமாக்கிய சில தீவனங்களால் பூனைகளின் உடலில் பொட்டாசியம் குறைந்து சிறுநீரகம் பழுதானதும் அதே காலத்தில்தான் தெரியவந்தது.

மாற்றம் முழுவதையும் தீவனத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. பாரசீகப் பூனை, இமாலயன், பர்மீஸ் இனங்களுக்கு இயல்பிலேயே ஆக்சலேட் நாட்டம் அதிகம். வீட்டுக்குள்ளேயே அடைபட்ட வாழ்வுக்கும் உடற்பருமனுக்கும் பங்கு உண்டு. ஸ்ட்ருவைட்டை உணவாலேயே கரைக்க முடிந்தபின் அந்தக் கற்கள் ஆய்வகத்துக்கு வருவதும் குறைந்தது. இருந்தாலும், ஒரு தாதுவை மட்டும் துரத்திக்கொண்டு போனதற்குப் பூனைகள் விலை கொடுத்தன என்பதை மறுக்க முடியாது.

இன்றைய மருத்துவத்தில் இரு கற்களுக்கும் வழி வேறு. ஸ்ட்ருவைட்டுக்கு, மக்னீசியமும் பாஸ்பரஸும் குறைந்து சிறுநீரை மிதமான அமிலத்தில் வைக்கும் மருத்துவ உணவைக் கொடுத்தால், பல பூனைகளில் இரண்டு முதல் நான்கு வாரத்தில் கல் கரைகிறது. கரைந்ததா என்பதை எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் எடுத்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். கால்சியம் ஆக்சலேட் எந்த உணவுக்கும் கரையாது. அதை வெளியே எடுத்துவிட்டு, மீண்டும் வராமலிருக்கச் சிறுநீரை நீர்க்கச் செய்வதே வழி. உடலில் ஆக்சலேட்டாக மாறக்கூடிய வைட்டமின் சி மாத்திரைகளை இப்பூனைகளுக்குத் தரக்கூடாது.

கல்லில்லாத அழற்சி

பத்து வயதுக்குட்பட்ட பூனைகளின் கீழ்ச்சிறுநீர்க் கோளாறுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் கல்லும் இருக்காது, கிருமியும் இருக்காது. இளம் பூனைகளுக்குக் கிருமித்தொற்று அரிது என்பதால் ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் வீணாகப் போகிறது. இந்த அழற்சியில் மன அழுத்தத்தின் பங்கை ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்து நிலைநாட்டினார். உணவின் பங்குக்கு 1999-இல் வெளியான ஓர் ஆய்வு சான்று. ஓராண்டுக் காலத்தில் ஈர உணவு தின்ற பூனைகளில் 11 விழுக்காட்டுக்கும், உலர் தீவனம் தின்றவற்றில் 39 விழுக்காட்டுக்கும் நோய் திரும்பியது. திடீர் உணவு மாற்றமும், வேறொரு பூனை மிரட்டும் இடத்தில் தீனித்தட்டை வைப்பதும்கூட நோயைத் தூண்டலாம்.

சிறுநீர் அடைப்பு

கடுவன் பூனையின் சிறுநீர் வடிகுழாய் நுனியில் மிகக் குறுகலானது. சிறு கல்லோ, படிகமும் சளியும் கலந்த அடைசலோ அதை மூடிவிடும். பூனை அடிக்கடி மணல் தட்டுக்குப் போய்க் குந்தும், முக்கும், கத்தும், பின்புறத்தை நக்கிக்கொண்டே இருக்கும், ஆனால் தட்டு ஈரமாகாது. மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் புகட்டிக் காத்திருப்பது உயிரைப் பறித்துவிடும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரண்டு மூன்று நாளுக்குள் இதயம் நின்றுவிடக்கூடும். இந்த நிலையில் உணவால் ஆவது ஒன்றுமில்லை, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உணவுத் திருத்தம் அடைப்பை நீக்கிய பிறகுதான்.

கல்லும் அடைப்பும் ஒருபுறமிருக்க, சிறுநீரகம் பழுதான முதிய பூனைக்குக் கவனிக்க வேண்டிய தாது பாஸ்பரஸ். 2000-இல் லண்டனிலிருந்து வெளியான ஆய்வில், பாஸ்பரஸும் புரதமும் குறைத்த உணவை ஏற்றுக்கொண்ட பூனைகளின் இடைநிலை ஆயுள் 633 நாள். ஏற்காதவற்றுக்கு 264 நாள்.

நடைமுறை

ஈர உணவு வாங்க முடியாத வீட்டில் உலர் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, ஆறவைத்துக் கொடுக்கலாம். தண்ணீர்க் கிண்ணங்களைத் தீனித்தட்டிலிருந்து தள்ளி இரண்டு மூன்று இடங்களில் வைப்பது நல்லது. உப்பு கூட்டிய மருத்துவ உணவுகள் பூனையை அதிகம் குடிக்க வைக்கின்றன. சிறுநீரக நோயுள்ள பூனைக்கு அவற்றை மருத்துவர் சொல்லாமல் தரலாகாது. புதிய உணவுக்குப் பழக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கூட்ட வேண்டும். பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்ற எண்ணம் பூனையிடம் செல்லாது; சில நாள் தின்னாமல் இருந்தாலே, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். சிறுநீரை அமிலமாக்கும் மருத்துவ உணவோடு அதே வேலையைச் செய்யும் மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பதில்லை. குட்டிகளுக்கும் சினைப் பூனைகளுக்கும் அந்த உணவு ஏற்றதல்ல.