அடைத்த கதவும் அடையாத வாயிலும்

திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் கிடங்கில், சங்க காலத்தில் ஓய்மாநாட்டுத் தலைவன் நல்லியக்கோடனின் ஊராகத் திகழ்ந்தது. 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தின் பழமைக்கு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடிய சிறுபாணாற்றுப்படை சான்றாகும். 1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது இப்பாட்டும் அச்சேறியது. வள்ளலின் புகழ் பாட எழுந்த இந்நூல், விருந்தின் வழியே மனித உறவின் அளவையும் காட்டுகிறது.

கிடங்கில் செல்லும் வழியெங்கும் பாணர்க்கு விருந்து காத்திருக்கிறது. எயிற்பட்டினத்தில் பரதவர் தேறலும் சுட்ட மீனும் தருவர். இவ்வூரை மரக்காணம் என்பர் ஆய்வாளர். வேலூரில் எயினர் குலப் பெண்கள் சமைத்த புளிச்சோறும் ஆமான் சூடும் கிடைக்கும். ஆமூரில் உழவர் குடிப் பெண் வழிப்போக்கரைத் தடுத்து, வெண்சோற்றை நண்டுக் கலவையோடு அளிப்பாள். எவரும் ஊரும் பேரும் கேட்கவில்லை. தத்தம் நிலம் தந்ததைப் பகிர்ந்தனர். இது அறம், ஆயினும் நெருக்கம் என்பது வேறு.

நெருக்கத்தின் இலக்கணம் பாணனின் பழைய வறுமையைச் சொல்லுமிடத்தில் உள்ளது. கூரை சரிந்த அடுக்களையில் நாய் குட்டி ஈன்று கிடக்கிறது. இல்லத்தாள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி, உப்புமின்றி வேகவைக்கிறாள். பிறர் கண்டால் நாணமென்று வாயிலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு கூடி உண்கிறாள். அடைத்த கதவுக்கு வெளியே நிற்போர் அயலார். உப்பில்லாக் கீரையைக் கூசாமல் பகிரத் தக்கவரே உறவினர்.

நல்லியக்கோடனின் வாயிலோ பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடைக்கப்படாதது. ஆடை தந்து, பொற்கலத்தில் உணவிட்டு, தானே அருகில் நின்று உண்பிக்கிறான். ஏவலரிடம் விட்டிருந்தால் அது கொடையாகவே நின்றிருக்கும்; அவன் நின்றதால் விருந்தாயிற்று. பரிசிலையும் அன்றே தந்து விடுக்கிறான். காத்திருக்கும் சிறுமை பாணர்க்கு நேரவில்லை.

எனினும் தலைவனுக்கும் இரவலனுக்கும் இடையிலான தொலைவைப் பொற்கலம் முற்றும் அழித்துவிடாது. அதை அறிந்தே போலும், புலவர் அரண்மனை விருந்துக்கு முன்னரே அந்த அடுக்களையைக் காட்டிவிடுகிறார். நம் வளத்தைக் காட்டி விருந்தினரை மகிழ்விக்கலாம். நம் இல்லாமையைக் காட்டக் கூசாத இடத்தில்தான் உறவு தொடங்குகிறது. கிடங்கில் மண் ஈராயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவரும் செய்தி இதுவே.