காரணம் கேட்ட நீதிமன்றம்

அமெரிக்காவில் சிப்பாயின் பென்ஷனும் நீதிமன்றமும் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டபோது விலகி நின்றது நீதிமன்றம்தான். 1792-ல் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. சுதந்திரப் போரில் ஊனமுற்றவர்கள் சர்க்யூட் நீதிமன்றங்களில் மனுச் செய்யவேண்டும்; நீதிபதிகள் விசாரித்து இவருக்கு இவ்வளவு என்று எழுதி அனுப்பவேண்டும்; போர்த்துறைச் செயலர் சந்தேகப்பட்டால் அதை நிறுத்திவைக்கலாம். வில்லியம் ஹேபர்ன் என்பவரின் மனு பென்சில்வேனியாவில் வந்தபோது நீதிபதிகள் தொட மறுத்தார்கள். ஒரு நிர்வாக அதிகாரி ஒதுக்கிவைக்கக் கூடியது தீர்ப்பே அல்ல என்று ஜனாதிபதி வாஷிங்டனுக்குக் கடிதம் போயிற்று. சட்டப் படிப்பில் இது அதிகாரப் பிரிவினையின் ஆரம்பப் பாடம். நீதித்துறையின் சுயமரியாதை பிழைத்தது வாஸ்தவம். ஆனால் ஹேபர்ன் வாசலிலேயே நின்றார். அடுத்த இருநூறு வருஷத்தின் பெரும்பகுதி அவருக்குப் பின் வந்தவர்களும் அங்கேதான் நின்றார்கள்.

அவர்களை வெளியே நிறுத்தியது பகைமை அல்ல, பரிவு. இந்தச் சரித்திரத்தில் என்னை ஈர்ப்பது இதுதான். உள்நாட்டுப் போர்க் காலத்தில், காயம்பட்டவனின் பணத்தை வக்கீல்கள் சுரண்டிவிடக்கூடாது என்று அவர்களுடைய கூலிக்கு வரம்பு வைத்தார்கள். 1862-ல் ஐந்து டாலர், 1864-ல் பத்து. மீறினால் சிறைகூட உண்டு. நோக்கத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அன்றைய பென்ஷன் தரகர்கள் அப்படிப்பட்டவர்கள்தான். ஆனால் அந்தப் பத்து டாலர் 1988 வரை பத்து டாலராகவே இருந்தது. விலைவாசி எங்கோ போய்விட்டது. பத்து டாலருக்கு எந்த வக்கீல் வருவான்? காப்பு என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு அர்த்தம்: காவலும் காப்பு, கைவிலங்கும் காப்பு.

1933 மார்ச்சில் கதவு சட்டபூர்வமாகவே தாழிடப்பட்டது. ரூஸ்வெல்ட் பதவியேற்ற பதினாறாம் நாள் கையெழுத்திட்ட சிக்கனச் சட்டம், படைவீரர் சலுகைகளை வெட்டியதோடு, நிர்வாகியின் முடிவே இறுதியானது, எந்த நீதிமன்றமும் அதைப் பரிசீலிக்க முடியாது என்றது. அதே வருஷம் அமைந்த மேல்முறையீட்டு வாரியமும் நிர்வாகத்தின் ஓர் அறைதான். சலுகை என்பது நாட்டின் நன்றி, அதாவது கொடை; தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

1974-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு சிறு இடுக்கைத் திறந்தது: சட்டமே அரசியல் சாசனத்துக்கு முரண் என்றால் கேட்கலாம். தனி மனிதனின் கோப்பு தவறாகப் படிக்கப்பட்டது என்றால் கேட்கமுடியாது. இதற்குள் வியட்நாமில் ஏஜண்ட் ஆரஞ்சுத் தூவலில் நின்றவர்களும், அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டவர்களும் வந்துவிட்டார்கள். வெட்டுப்பட்ட காலை யாரும் பார்க்கலாம். இருபது வருஷம் கழித்து வந்த புற்றுநோய்க்கு யுத்தம் காரணமா என்பது விவாதத்துக்குரிய கேள்வி; விவாதத்துக்கு வக்கீல் வேண்டும். கதிர்வீச்சுக்கு ஆட்பட்டவர்களின் சங்கம் பத்து டாலர் வரம்பை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட் வரை போய் 1985-ல் தோற்றது. ரென்க்விஸ்ட் எழுதிய தீர்ப்பின் சாரம்: இது சண்டை அல்ல, நேசமான ஏற்பாடு, வக்கீல் நுழைந்தால் கெட்டுவிடும். ஸ்டீவன்ஸ் மறுத்து எழுதினார். தன் பணத்தில் தனக்கு ஒரு வக்கீலைத் தேடிக்கொள்வது பிரஜையின் சுதந்திரம் என்பது அவர் கட்சி.

செனட் 1979 முதல் பலமுறை நீதிமன்றப் பரிசீலனைக்கு மசோதா நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபையின் கமிட்டியில் அது அமுங்கிப்போகும். பழைய படைவீரர் சங்கங்களிலேயே எதிர்ப்பு இருந்தது. வியட்நாம் தலைமுறைதான் விடாமல் கேட்டது. கடைசியில் 1988 நவம்பர் 18 அன்று ரீகன் கையெழுத்திட்டார். பதினைந்து வருஷத் தவணை நீதிபதிகளோடு, வாஷிங்டனில், 1989-ல் நீதிமன்றம் இயங்க ஆரம்பித்தது. 1999-ல் பெயர் மாறியது, அது முக்கியமல்ல.

முக்கியமானது, அந்தச் சட்டத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு ஷரத்து: வாரியம் தன் முடிவுக்குக் காரணங்களை எழுதவேண்டும். அதுவரை வந்தது, ஆதாரங்கள் பரிசீலிக்கப்பட்டன, கோரிக்கை ஏற்பதற்கில்லை என்கிற வகைக் கடிதம். கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து இத்தகைய வாக்கியங்களைத் தட்டச்சு செய்கிறவனுக்குத் தெரியும், அதில் எழுதுகிறவனே இல்லை என்பது. 1990-ல் கில்பர்ட் வழக்கில் நீதிமன்றம் இரண்டு விஷயங்களை ஸ்தாபித்தது. ஒன்று, எந்தச் சாட்சியத்தை ஏன் நம்பவில்லை என்று வாரியம் சொல்லியாகவேண்டும். மற்றது, ஆதாரம் இருபக்கமும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் படைவீரனுக்கே ஜெயம். பேஸ்பாலில் பந்தும் ஓடுகிறவனும் ஒரே கணத்தில் வந்தால் ஓடுகிறவன் பக்கம் முடிவு சொல்வதைப்போல. தவறு நேர்ந்தால் அதன் சுமை நாட்டுடையது. (காரணம் எழுதவேண்டும் என்ற விதியை நம் விமர்சகர்களுக்குப் போட்டால் எத்தனை பேர் தேறுவார்கள் என்பது வேறு விஷயம்.)

காரணம் கேட்டவுடன் என்ன வெளிவரும் என்பதற்கு ஒரு வழக்கு. கொரியப் போர் வீரர் ஒருவருக்கு அரசு ஆஸ்பத்திரியில் முதுகில் ஆபரேஷன். பிறகு இடது காலில் பலவீனம். டாக்டரின் தவறு என்று நிரூபித்தால்தான் பணம் என்றது 1934-லிருந்து வரும் விதி. சட்டத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லை என்றது புதிய நீதிமன்றம். 1994-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு குரலாக ஆமோதித்தது. அறுபது வருஷம் நிலைத்த விதியாயிற்றே என்ற வாதம் எடுபடவில்லை. கேட்க ஆளில்லாததால் நிலைத்தது, அவ்வளவுதான். ஆனால் 1996-ல் காங்கிரஸ் சட்டத்தையே திருத்தி, டாக்டரின் தவறையும் நிபந்தனையாக உள்ளே எழுதிவிட்டது.

இந்த நீதிமன்றத்தை நான் கொண்டாடவில்லை. ஏராளமான வழக்குகளை அது மறுபடி எழுதச் சொல்லி வாரியத்துக்கே திருப்பி அனுப்புகிறது. அங்குள்ள வக்கீல்கள் இதை எலிச் சக்கரம் என்கிறார்கள், நம் ஊரில் செக்கு. அதைவிட மோசம், கடுமையான மனநோயாளியான ஒரு முன்னாள் வீரர் மேல்முறையீட்டுக்கான 120 நாள் கெடு தாண்டிப் பதினைந்து நாள் தாமதமாக வந்தபோது, நோயால்தான் தாமதம் என்று அவர் சொல்லியும், தனக்கு அதிகாரமில்லை என்று மனுவைத் தள்ளியது. ஹேபர்னுக்குச் சொன்ன அதே பதில். 2011-ல் சுப்ரீம் கோர்ட் அதைத் திருத்தியபோது அவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வழக்கை மனைவி நடத்தினார்.

2025 மார்ச்சில் கில்பர்ட் விதியே கேள்விக்கு வந்தது. மனுதாரர் ஒருவரின் மனநோயைப் பற்றி டாக்டர்கள் வேறுபட்டார்கள். ஆதாரம் சமமா என்று நிர்வாகம் நிறுத்துப் பார்த்ததை நீதிமன்றம் புதிதாக நிறுக்க வேண்டியதில்லை, அப்பட்டமான பிழை இருந்தால் மட்டும் தலையிட்டால் போதும் என்று சுப்ரீம் கோர்ட்டில் ஏழு பேர் சொன்னார்கள். மறுத்த இருவர், ஜாக்சனும் கோர்சச்சும், பெரும்பாலும் எதிரெதிர் அணியில் இருப்பவர்கள். சந்தேகத்தின் பலன் உரியவனுக்குப் போகிறதா என்று கவனிக்கும்படி 2002-ல் காங்கிரஸ் இந்த நீதிமன்றத்துக்குத் தனியாக ஒரு வரி எழுதிவைத்ததே, அப்படியானால் அது எதற்கு என்பது அவர்களுடைய கேள்வி.