தாள இயந்திரம்

தாள இயந்திரம் அல்லது டிரம் மெஷின் என்பது மேளம், சிம்பல் முதலிய தாளக் கருவிகளின் ஒலிகளை மின்னணு முறையில் எழுப்பி, பயனர் முன்கூட்டியே அமைத்த தாளத்தை இடைவிடாது வாசிக்கும் இசைக்கருவி ஆகும். கணினி மென்பொருட்களும் இப்பணியைச் செய்கின்றன. எனினும் இக்கட்டுரை தனிக் கருவியாக விற்கப்படும் வன்பொருள் தாள இயந்திரங்களையும், வீட்டில் இசையமைக்கும் ஒருவர் அவற்றுள் தமக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் விளக்குகிறது.

தமிழ்நாட்டு மெல்லிசைக் குழுக்களில் காணப்படும் ரிதம் பேடு இதிலிருந்து வேறுபட்டதாகும். ரோலண்டு நிறுவனம் 1985 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய ஆக்டாபேடு போன்ற கருவிகளைக் கலைஞர் குச்சிகளால் தட்டி வாசிக்கிறார். தாள இயந்திரமோ, அமைத்துக் கொடுத்த தாளத்தைத் தானே வாசிக்கிறது.

வரலாறு

ருஷ்ய அறிவியலாளர் லியோன் தெரெமின், அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கவலின் வேண்டுகோளின்படி 1930களின் தொடக்கத்தில் உருவாக்கிய ரித்மிகான் இவ்வகைக் கருவிகளின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. 1959 ஆம் ஆண்டில் வுர்லிட்சர் நிறுவனம் சைடுமேன் என்னும் கருவியை வெளியிட்டது. அதில் சுழலும் பகுதி ஒன்று மின் தொடர்புகளை வரிசையாகத் தொட, வெற்றிடக் குழாய்ச் சுற்றுகள் ஒலியை எழுப்பின. அக்காலக் கருவிகளில் வால்ட்ஸ், டாங்கோ போன்ற ஆயத்தத் தாளங்களைத் தெரிவு செய்ய மட்டுமே இயன்றது.

ஜப்பானியப் பொறியாளர் இகுட்டாரோ ககேஹாஷி 1972 ஆம் ஆண்டில் ரோலண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1978 ஆம் ஆண்டில் வெளியிட்ட சிஆர்-78, நுண்செயலியைக் கொண்டு பயனரின் சொந்தத் தாளங்களைச் சேமிக்கும் வசதியைத் தந்தது.

1980 ஆம் ஆண்டில் இருவேறு அணுகுமுறைகளைக் கொண்ட இரு கருவிகள் வெளிவந்தன. அமெரிக்கரான ரோஜர் லின் உருவாக்கிய எல்எம்-1, உண்மையான டிரம்களின் ஒலிப்பதிவுகளை இலக்க முறையில் நினைவகத்தில் வைத்திருந்தது. அதன் விலை ஏறத்தாழ 5,000 அமெரிக்க டாலர். நினைவகச் சில்லுகளின் விலை அன்று மிக அதிகமாக இருந்ததால், நீண்டு ஒலிக்கும் சிம்பல் ஒலி அதில் இடம்பெறவில்லை. ரோலண்டு டிஆர்-808 இன் விலை 1,195 டாலர். அது ஒலிப்பதிவுகள் எதையும் பயன்படுத்தாமல், எல்லா ஒலிகளையும் மின்சுற்றுகளாலேயே உருவாக்கியது.

டிஆர்-808 இன் வீழ்ச்சியும் எழுச்சியும்

டிஆர்-808 இன் ஒலி உண்மையான டிரம் ஒலியை ஒத்திராததால் வணிக அளவில் பெரும் வெற்றி பெறவில்லை. அதன் ஒலிக்குத் தேவையான, குறைபாடு கொண்ட ஒருவகை டிரான்சிஸ்டர்கள் கிடைப்பது அரிதானதால், சுமார் 12,000 கருவிகளுடன் 1983 ஆம் ஆண்டில் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

அதன்பின் அக்கருவிகள் பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. விலையுயர்ந்த கருவிகளை வாங்க இயலாத அமெரிக்க இளைஞர்கள் பலர் அவற்றை வாங்கிப் பயன்படுத்தினர். ஹிப் ஹாப், டெக்னோ ஆகிய இசை வகைகளின் வளர்ச்சியில் இது பெரும் பங்கு வகித்தது. ஆப்ரிக்கா பம்பாட்டா குழுவினரின் பிளானட் ராக், மார்வின் கேயின் செக்சுவல் ஹீலிங் ஆகிய 1982 ஆம் ஆண்டுப் பாடல்கள் இக்கருவியைக் கொண்டு உருவானவை. அதே ஆண்டில் இந்தித் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், பத்து இராகங்களை இக்கருவியின் தாளத்துடன் இணைத்து ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். வெளிவந்தபோது கவனம் பெறாத அவ்விசைத்தட்டு, 2010 ஆம் ஆண்டில் மறுவெளியீடு கண்டபின் உலகெங்கும் அறியப்பட்டது.

உண்மை ஒலியை ஒத்திருப்பது மட்டுமே ஒரு தாள இயந்திரத்தின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இவ்வரலாறு சிறந்த எடுத்துக்காட்டாகும்.

ஒலி உருவாகும் முறைகள்

* ஒப்புமை முறை: அலையியற்றிகளும் வடிப்பிகளும் ஒலியை உருவாக்குகின்றன. சுருதியையும் ஒலி அடங்கும் நேரத்தையும் திருகுகளால் உடனுக்குடன் மாற்றலாம். ஆனால் மிருதங்கம், தபலா போன்றவற்றின் இயல்பான ஒலியை இம்முறையில் பெற இயலாது.
* ஒலிப்பதிவு முறை: பதிவு செய்யப்பட்ட ஒலித் துணுக்குகள் இயக்கப்படுகின்றன. பயனர் பதிவு செய்யும் எந்த ஒலியையும் ஏற்கும் கருவிகளில் இது வரம்பற்ற வாய்ப்பைத் தருகிறது.
* மாதிரியாக்க முறை: பழைய மின்சுற்றுகளின் நடத்தையை இலக்கச் செயலி கணக்கிட்டு ஒலியாக்குகிறது.

1983 ஆம் ஆண்டில் வெளிவந்த டிஆர்-909 முதலிரண்டு முறைகளையும் இணைத்தது. அதில் மேள ஒலிகள் மின்சுற்றுகளாலும், சிம்பல் ஒலிகள் ஒலிப்பதிவுகளாலும் உருவாயின.

தாளம் அமைத்தல்

பெரும்பாலான கருவிகளில் ஒரு தாள வட்டம் 16 படிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு பொத்தான் உண்டு. நிமிடத்திற்கு 120 துடிப்பு என்னும் வேகத்தில், ஒரு துடிப்புக்கு நான்கு படிகள் எனக் கொண்டால், ஒரு படி 125 மில்லி நொடிகள் நீடிக்கும். 16 படிகளும் 2 நொடிகளில் முடியும்.

எல்லாப் படிகளும் சம இடைவெளியில் ஒலித்தால் தாளம் உயிரற்றதாகத் தோன்றும். இதனைத் தவிர்க்க, இரட்டைப்படை எண்ணுள்ள படிகளைச் சற்றுத் தாமதப்படுத்தும் ஸ்விங் என்னும் வசதி பயன்படுகிறது. மேற்கூறிய வேகத்தில் ஸ்விங் 66 விழுக்காடாக இருந்தால், இரண்டாம் படி 125 மில்லி நொடிக்குப் பதிலாக 165 ஆம் மில்லி நொடியில் ஒலிக்கும்.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

* ஒலியின் தேவை: மின்னணு நடன இசைக்கு ஒப்புமைக் கருவி பொருந்தும். நாட்டுப்புற இசை, திரையிசை போன்ற பலவகை இசைக்கும் ஒலிப்பதிவுக் கருவியே ஏற்றது.
* படிகளின் எண்ணிக்கை: வட்டத்தின் நீளத்தை மாற்ற இயலுமா என்பது முதன்மையானது. ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபுவை எண்ணிக்கைக்கு இரு படிகள் வீதம் அமைக்க 14 படிகள் வேண்டும். 16 படிகளை மட்டுமே கொண்ட கருவியில் இத்தாளம் இரண்டாம் வட்டத்திலேயே பிசகிவிடும்.
* தனி வெளியீடுகள்: ஒவ்வொரு ஒலிக்கும் தனி வெளியீடு இருந்தால், ஒலிப்பதிவு செய்தபின் ஸ்நேரின் ஒலியளவை மட்டும் மாற்றலாம். ஒரே வெளியீடு உள்ள கருவியில் ஒன்றாகக் கலந்து பதிவான ஒலிகளைப் பின்னர் பிரிப்பது கடினம். யுஎஸ்பி வழியாகப் பல தடங்களை அனுப்பும் கருவிகள் இதற்கு மாற்றாகும்.
* ஒத்திசைவு: பிற கருவிகளுடன் ஒரே வேகத்தில் இயங்க மிடி கடிகாரம் பயன்படுகிறது. இது கால் சுரம் ஒன்றுக்கு 24 துடிப்புகளை அனுப்புகிறது. மிடி 1983 ஆம் ஆண்டில் அறிமுகமானதால், டிஆர்-808 போன்ற முந்தைய கருவிகளுக்கு மாற்றி ஒன்று தேவைப்படும்.
* நினைவகம்: 16 பிட், 48 கிலோஹெர்ட்சு தரத்தில் ஒற்றைத் தட ஒலி நொடிக்கு 96,000 பைட்டு இடம் பிடிக்கும். 64 மெகாபைட்டில் சுமார் 11 நிமிட ஒலியைச் சேமிக்கலாம். குறுகிய தாள ஒலிகளுக்கு இது போதுமானதாகும்.
* மின்சாரம்: ஜப்பானில் விற்கப்பட்ட பழைய கருவிகள் 100 வோல்ட்டில் இயங்குபவை. தகுந்த மின்மாற்றி இன்றி அவற்றை இந்தியாவின் 230 வோல்ட் மின்சாரத்துடன் இணைத்தால் கருவி பழுதாகும். பழைய கருவி வாங்குவோர் உள்ளிருக்கும் மின்கலம் கசிந்துள்ளதா என்பதையும், எல்லாப் பொத்தான்களும் இயங்குகின்றனவா என்பதையும் சோதிப்பது நன்று.

சில கருவிகள்

* கோர்க் வோல்கா பீட்ஸ் (2013): ஒப்புமை ஒலிகளுடன் சில ஒலிப்பதிவுகளும் கொண்ட சிறிய கருவி. 16 படிகள், ஒரே வெளியீடு. மின்கலத்தில் இயங்கும்.
* ஆர்டூரியா டிரம்புரூட் (2016): 17 ஒப்புமை ஒலிகள், 64 படிகள், 12 தனி வெளியீடுகள். ஒவ்வொரு ஒலிக்கும் வேறுபட்ட வட்ட நீளத்தை அமைக்கலாம்.
* எலெக்ட்ரான் டிஜிடாக்ட் (2017): 8 ஒலித் தடங்கள். வெளி ஒலிகளை நேரடியாகப் பதிவு செய்யும்.
* ரோலண்டு டிஆர்-8எஸ் (2018): 808, 909 ஆகியவற்றின் ஒலிகளை மாதிரியாக்க முறையில் தருவதுடன், பயனரின் ஒலிப்பதிவுகளையும் ஏற்கும்.

மென்பொருளுடன் ஒப்பீடு

கணினி வைத்திருப்பவருக்கு மென்பொருள் செலவு குறைந்தது. சேமிப்பும் திருத்தமும் எளிது. வன்பொருளின் சிறப்பு, திரையைப் பாராமல் கைகளால் நேரடியாக இயக்க முடிவதேயாகும். ஆகவே முதலில் இலவச மென்பொருள் ஒன்றில் சில தாளங்களை அமைத்துப் பழகினால், தமக்கு எந்த ஒலியும் எத்தனை படிகளும் தேவை என்பது தெளிவாகும். அதன்பின் வாங்கப்படும் கருவி பயன்படாமல் கிடக்கும் வாய்ப்பு குறைவு.

இவற்றையும் பார்க்கவும்

* மிடி
* தாளம்
* மின்னணு இசை
* ஒலித்தொகுப்பி