பகோடா: கோயிலும் காசும்

பல பொருள் குறித்த ஒருசொல்லை மொழிபெயர்ப்போர் அகராதி தரும் முதற்பொருளைக் கொண்டு அமைதல் இயலாது. அச்சொல் வழங்கிய காலமும் இடமும் அறிந்த பின்னரே பொருள் துணிதல் கூடும். இதற்குத் தக்க சான்று ‘பகோடா’ என்னும் ஆங்கிலச் சொல். இன்றைய ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் பர்மா, சீனம், ஜப்பான் ஆகிய நாடுகளின் அடுக்குக் கோபுரங்களைக் குறிக்கிறது. தென்னிந்திய வரலாற்று ஆவணங்களிலோ இச்சொல்லுக்குக் கோயில், தெய்வ உருவம், பொன் நாணயம் என மூன்று பொருள்கள் உள்ளன. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இம்மூன்றையும் பிரித்துக் காட்டுகிறது.

சொற்பிறப்பு

இச்சொல் போர்த்துக்கேசியரின் ‘பகோடெ’ வழியாக 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துள் புகுந்தது. அதற்கு முன்னைய மூலம் எது என்பதில் அறிஞர் ஒருமைப்படவில்லை. உருவத்தின் இல்லம் எனப் பொருள்படும் ‘புத்கதா’ என்னும் பாரசீகச் சொல்லினின்று வந்தது என்பர் ஒரு சாரார். ‘பகவத்’, ‘பகவதி’ என்னும் வடசொற்களின் திரிபு என்பர் மற்றொரு சாரார். தாதுகர்ப்பம் என்பதன் சிங்கள வடிவமாகிய ‘தாகப’ என்பதோடு இணைத்தாரும் உளர். கோயிற்பொருளையும் உருவப்பொருளையும் ஒருங்கே விளக்க வேண்டின், தெய்வப் பெயரை அடியாகக் கொள்ளும் இரண்டாம் கருத்து எளிதிற் பொருந்துகிறது. ஆயினும் ஒலிமாற்றத்தை முழுதும் விளக்கும் முடிவு இன்னும் எய்தப்படவில்லை.

நாகலாபுரம் காட்டும் சூழல்

ஊத்துக்கோட்டையிலிருந்து புத்தூர் செல்லும் வழியில் அமைந்தது நாகலாபுரம். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022இல் அமைந்த திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்தது. தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்து வழங்கும் நிலப்பகுதி இது. மச்ச வடிவில் திருமால் எழுந்தருளியுள்ள வேதநாராயணர் கோயில் இங்குள்ளது. விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509–1529) இக்கோயிலை எடுப்பித்து, தம் தாய் நாகலாதேவியின் பெயரை ஊருக்கு இட்டார் என்பது மரபு.

அவ்வேந்தர் காலத்தில் விசயநகரம் வந்த போர்த்துக்கேசியர் தொமிங்கோ பயஸ், பொன் நாணயத்தைப் ‘பர்தாவ்’ என்றே எழுதினார். ‘பிரதாப’ என்பதன் திரிபு அது. ‘பகோடெ’ என்பதை அவர் வழிபாடு பற்றிய செய்திகளிலேயே ஆண்டார். இக்கோயிலைக் கண்ட அக்கால ஐரோப்பியர் ஒருவர் அதனைப் ‘பகோடா’ என்றிருப்பார். இதே வேந்தர் அடித்த பொன் வராகனைப் பிற்கால ஆங்கிலேயரும் ‘பகோடா’ என்றே குறித்தனர்.

காசுக்குப் பெயர் வந்த வழி

தெய்வ உருவம் பொறித்தமையால் காசு அப்பெயர் பெற்றது என்பது பெரும்பான்மையோர் கருத்து. தமிழிலும் இதற்கு நேரான ஆக்கம் உண்டு. வராகம் என்பது பன்றி. திருமாலின் மூன்றாம் தோற்றரவின் பெயருமாம். அவ்வுருவம் பொறித்த காசு ‘வராகன்’ ஆயிற்று. கிருஷ்ணதேவராயர் காசுகளில் பாலகிருஷ்ணன் உருவம் காணப்படினும் அவையும் வராகன் என்றே வழங்கின. உருவம் மாறியும் பெயர் நிலைத்தது. பின்னர் மருத்துவ நூல்களில் ‘வராகன் எடை’ என நிறையளவும் ஆயிற்று. ஆகவே பகோடாவும் வராகனும் தெய்வத்தினின்று காசுக்குச் சென்ற இணையான ஆகுபெயர்களாகக் கொள்ளத்தக்கன.

சென்னையில் வழங்கிய நட்சத்திரப் பகோடா ஒன்றுக்கு 42 பணம். பணம் ஒன்றுக்கு 80 காசு. ஆகப் பகோடா ஒன்றுக்கு 3360 காசு. 1818இல் ரூபாய் அடிப்படை நாணயமாயிற்று. பகோடா ஒன்று மூன்றரை ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. அதற்குச் சற்று முன் 1807, 1808ஆம் ஆண்டுகளை ஒட்டிக் கம்பெனியார் அடித்த அரைப் பகோடா, கால் பகோடா வெள்ளிக் காசுகளின் ஒரு புறத்தில் கோயிற் கோபுரமும், மறு புறத்தில் திருமால் உருவமும் உள்ளன. ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கும் அவற்றில் இடம்பெற்றன. அகராதி பிரித்துக் காட்டிய மூன்று பொருள்களும் ஒரே காசில் அடங்கிவிட்டன.

மொழிபெயர்ப்பிற் கவனம்

1801 முதல் 1843 வரை திருப்பதிக் கோயில் வருவாய் கம்பெனியார் கையில் இருந்தது. அக்கோயில் ஆங்கில ஆவணங்களில் ‘திரிபெட்டி பகோடா’ எனப்பட்டது. 1818க்கு முற்பட்ட கணக்குகளில், பகோடாவின் வருமானமே பகோடாக்களில் எண்ணப்படும் நிலை இருந்தது. இங்கு முன்னதைக் கோயில் என்றும் பின்னதை வராகன் என்றும் பெயர்க்காவிடின் கணக்கே பிறழும்.

எண்ணடை மட்டும் பொருளைத் துணியப் போதாது. சென்னைப் பட்டினத்துக்காகக் கோல்கொண்டா அரசுக்கு ஆண்டுதோறும் 1200 பகோடா செலுத்துவதென 1672இல் முடிவாயிற்று, இது காசு. மாமல்லபுரத்துக்கு ஐரோப்பிய மாலுமிகள் இட்ட ‘ஏழு பகோடா’ என்னும் பெயரிலோ எண் இருந்தும் பொருள் கோயிலே. பணம், காசு, வரி, குத்தகை முதலிய சொற்களின் அண்மையும், கட்டுதல், வழிபடுதல் முதலிய வினைகளின் சார்பும் கருதியே பொருள் கொள்ளல் வேண்டும்.

ஒலிபெயர்த்து விடுதலும் தீர்வாகாது. தமிழர் நாவில் ‘பகோடா’ கடலைமாவில் பொரித்த தின்பண்டம். அது வேறு மூலத்தது. தமிழில் கோயில், திருவுருவம், வராகன், அடுக்குக் கோபுரம் எனத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. ஆங்கிலம் ஒரு சொல்லில் மறைத்ததைத் தமிழ் பிரித்துச் சொல்ல வல்லது. அவ்வாய்ப்பைக் கைவிடுவது, ஆவணத்தில் உள்ள வரலாற்றையே கைவிடுவதாகும்.